மீனலுக்கு என்ன வேண்டும்

பிரேமலதாவிடம் இருந்த சின்ன டேப் காலையில் நன்றாகத்தான் விழிக்கும். ஆண்டாப் ஹில்லில் அவள் பஸ் ஏறும்போது சார்ஜ் நூற்றுக்கு நூறு என்று காட்டும். தாராவியில் இறங்கி இரண்டு சந்து தாண்டுவதற்குள் பாதியாகிவிடும். வெயில் உறைக்கும் முன்பே ஒரு தடவை மினுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு அது வெறும் கறுப்புக் கண்ணாடி. அதில் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொள்ளலாம். வேறு எதற்கும் ஆகாது.

பொட்டு வைக்க மட்டும்தான் அந்த டேப் என்றால் அவளும் பேசாமல் இருந்திருப்பாள். ஆனால் கருணைக்கரம் அறக்கட்டளையின் மருந்தகத்தில் அது இல்லாமல் ஒரு மாத்திரை வெளியே வராது. பிரேமலதா அந்த மருந்தகத்தின் ஊழியர். வீடு வீடாகப் போய் டி.பி. நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்து, அவர்கள் அதை விழுங்குகிறார்களா என்று கூடவே நின்று பார்ப்பது அவள் வேலை. முன்பெல்லாம் மருந்து அலமாரியின் சாவி சொரிமுத்து அண்ணாச்சியின் இடுப்பில் தொங்கும். அவர் திறந்து எடுத்துக் கொடுப்பார், கதை முடிந்தது. அந்த ஏற்பாட்டில் மனிதத் தலையீடு அதிகமாக இருக்கிறது என்று மேலே யாரோ கண்டுபிடித்தார்கள். சாவியைப் பிடுங்கிக்கொண்டு, தானாகத் திறக்கிற அலமாரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஊழியர் தன் முகத்தை டேப்பில் காட்ட வேண்டும். டேப் அடையாளம் கண்டு பச்சை காட்ட வேண்டும். அப்புறம்தான் அலமாரி 'க்ளிக்' என்று திறக்கும். சொரிமுத்து அண்ணாச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார்கள். அவர் பழைய ஸ்டூலிலேயே உட்கார்ந்து, அலமாரி திறப்பதையும் திறக்காமல் இருப்பதையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்தகத்தில் இருந்த ஒரே பிளக்கை அலமாரி பிடித்துக்கொண்டதால், டேப் கண்ணை மூடுகிற நாட்களில் பிரேமலதா நூர் நிஷாவின் கோலிக்கு, அதாவது அவளுடைய ஒண்டு வீட்டுக்கு, போவாள். கடையநல்லூர்க்காரி நூர் நிஷா, தோல் பைகளுக்கு ஜிப் வைத்துத் தைக்கிறவள். ஒரே அறை, ஒரே பிளக். தையல் மெஷினின் வயரைப் பிடுங்கிவிட்டு டேப்பைச் செருகி, அதற்கு உயிர் வரும்வரை இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நூர் நிஷாவின் மாத்திரையே அந்த டேப்புக்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதால் அவளும் முகம் சுளிப்பதில்லை.

நூர் நிஷாவுக்கு இது இரண்டாவது சுற்று. முதல் சுற்றில் இருமல் நின்றதும் உடம்பு சரியாகிவிட்டது என்று நினைத்து, தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவள் மாத்திரையை மறந்துவிட்டாள். திரும்பி வந்தபோது இருமலும் கூடவே வந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். "இந்தத் தடவையும் நடுவுல அறுந்துச்சுன்னா அப்புறம் இந்த மாத்திரை கேக்காது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியே மருந்துக் கடையிலும் அது கிடைக்காது. பிரேமலதா கொண்டுவந்தால்தான் உண்டு. அந்த நினைப்பு பிரேமலதாவைத் தூக்கத்திலும் விடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த நல்ல செய்தி வந்தது. சின்ன டேப்பை மேம்படுத்தி, புதிய சின்ன டேப் வரப்போகிறது. அதற்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று பயனர்களிடமே கேட்டுச் செய்வதற்காகச் செம்பூரில் 'பயனர் உவகை மையம்' என்று ஒன்று இயங்கிவருகிறது. பிரேமலதா உள்ளிட்ட ஊழியர்கள் எல்லோரும் அங்கே வர வேண்டும்.

"போயி நல்லாக் கேளு. சார்ஜ் நிக்கணும்னு சொல்லு. வேற எந்த மண்ணும் வேண்டாம்" என்றாள் நூர் நிஷா.

"அதத்தானட்டி சொல்லப் போறேன். சார்ஜு சார்ஜுன்னு பஸ்ஸெல்லாம் சொல்லிக்கிட்டே போவேன்" என்றாள் பிரேமலதா.

செம்பூர் மையத்தில் குளிர் எலும்பு வரை ஏறியது. ஊழியர்கள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். மையத்தின் இயக்குநர் பத்ரி வந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், தன்மையானவர், யாரையும் 'ஜி' போடாமல் கூப்பிடாதவர். ஆளுக்கொரு ஜூஸ் வந்தது. பத்ரி கைகளைக் கூப்பிக்கொண்டு பிரேமலதாவின் முன்னால் வந்து நின்றார்.

"சொல்லுங்கோ பிரேமலதாஜி. உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம் சார். எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் பிரேமலதா.

இதைப் படித்துவிட்டு அவளைத் திட்டுகிறவர்கள் தெற்கத்திப் பக்கம் ஒரு வீட்டுக்கும் விருந்தாளியாகப் போகாதவர்கள். 'காப்பி குடிக்கீங்களா?' என்று கேட்டால் 'ஐயோ, வேண்டாம்' என்பதுதான் முறை. 'அட, ஒரு வாய் குடிங்க' என்பார்கள். 'இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்' என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை அவர்கள் அதட்டுகிற மாதிரி சொல்லும்போதுதான் டம்ளருக்குக் கை நீள வேண்டும். முதல் கேள்விக்கே 'ஆமா, கொண்டாங்க' என்று சம்மணம் போட்டு உட்காருகிறவளைப் பற்றித் தெருவே ஒரு வாரம் பேசும். பிரேமலதா இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தாள். சார்ஜ் என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

பத்ரி இரண்டாவது தடவை கேட்கவில்லை. அடுத்தவளிடம் போனார். அவள் முத்துமாரி, கல்யாணிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்தவள். "ஒண்ணும் வேண்டாம் சார்" என்றாள் அவளும். அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். வரிசை முடிவதற்குள் பத்ரியின் கண்கள் கலங்கிவிட்டன.

"ஊர் உலகத்துல எங்க போய்க் கேட்டாலும் பயனர்கள் குறைதான் சொல்லுவா. ஒரு குறையும் இல்லாத பயனர்களை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். எங்க மையத்துக்கு இது பெருமை. ஆனா ஒரு சிக்கலும் இருக்கு. விருப்பமே இல்லாதவாளுக்கு மேம்படுத்தின கருவியை எப்படிக் குடுக்கறது? அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிக்கத்தான் எங்களுக்குச் சம்பளம் தர்றா" என்றார் பத்ரி.

எல்லோரும் கை தட்டினார்கள். ஜூஸ் டம்ளரை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள். திரும்பும் பஸ்ஸில் பிரேமலதா முத்துமாரியிடம் கேட்டாள்: "ஏட்டி, அவரு ரெண்டாவது வாட்டி கேக்கவே இல்லையே?"

"படிச்சவருலா. மறந்துருப்பாரு" என்றாள் முத்துமாரி.

அடுத்த கூட்டத்துக்குப் போனபோது மேடையில் ஓர் ஆளுயரப் பெண் நின்றாள். சிரித்த முகம், கையில் மெல்லிய கைப்பை, சுருக்கம் விழாத காட்டன் புடவை. யாரோ பெரிய மேடம் என்று நினைத்து ஊழியர்கள் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். மேடம் பதிலுக்கு அசையவில்லை. கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் அட்டை என்று தெரிந்தது.

"இவதான் மீனல். நம்மளோட பயனர்" என்று அறிமுகம் செய்துவைத்தார் பத்ரி.

விருப்பம் இல்லாத பயனர்களை வைத்துக்கொண்டு வேலை ஓடாது என்பதால் மையம் உட்கார்ந்து யோசித்து, விருப்பங்கள் உள்ள ஒரு பயனரை உருவாக்கியிருந்தது. படத்தை எங்கேயோ வாங்கியிருந்தார்கள். அந்த முகத்துக்குச் சொந்தக்காரி எந்த ஊர்க்காரி என்று யாருக்கும் தெரியாது. மற்றபடி மீனலைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. மீனலுக்கு இஞ்சி போட்ட டீ பிடிக்கும். மழையில் ஜன்னல் ஓரம் நிற்கப் பிடிக்கும். டேப் கைப்பைக்குள் நுழைகிற அளவுக்கு ஒல்லியாக இருக்க வேண்டும். காலையில் அது தன்னைப் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும். சாயங்காலம் அவள் களைத்திருப்பாள் என்று அதற்கே புரிய வேண்டும்.

பிரேமலதா கையைத் தூக்கினாள். இந்தத் தடவை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"சார், சார்ஜ் நிக்க மாட்டேங்கு. மத்தியானம் வரைக்காவது நின்னா நல்லாருக்கும்."

பத்ரி பரிவோடு தலையசைத்தார். "நல்ல பாயிண்ட். ஆனா மீனல் அதைக் கேக்கலையே. மீனல் சார்ஜைப் பத்தி யோசிக்கறதே இல்லை. அவ ஆத்துலயும் சார்ஜர் இருக்கு, ஆபீஸ்லயும் இருக்கு, கார்லயும் இருக்கு."

"காரா? சார், மாத்திர குடுக்கிற ஆளுக்கு ஏது காரு?"

"அவ லட்சியப் பயனர், பிரேமலதாஜி. நாம இப்போ இருக்கற மாதிரியே கருவியைப் பண்ணினா நாம எப்போ முன்னேறறது?"

பிரேமலதா தூக்கிய கையை இறக்கினாள். கூட்டம் முடிந்ததும் பத்ரியின் அறை வாசலில் தயங்கி நின்றாள். அவள் மனதில் ஒரு யோசனை. மையம் மீனல் சொன்னால் கேட்கிறது. அப்படியானால் மீனலிடம் சொல்லிவிட்டால் போயிற்று.

"சார், அந்த அக்கா நம்பர் குடுங்க. நானே பேசிக்கிடுதேன்."

"யாரு, மீனலோடதா? மீனலுக்கு நம்பர் கிடையாது. மீனல் இருக்கா, ஆனா இல்லை" என்றார் பத்ரி.

"அப்ப அவங்களுக்கு எந்த ஏரியா சார்?"

"எல்லா ஏரியாவும் அவளோடதுதான்."

பாவம், எல்லா ஏரியாவையும் ஒருத்தியே பார்த்தால் எப்படித்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டே பிரேமலதா வெளியே வந்தாள். லிஃப்ட் வரும் வரை, மேடையிலிருந்து இறக்கி ஓரமாக நிறுத்தியிருந்த மீனலின் பக்கத்தில் நின்றாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சார்ஜ் பத்தியும் சொல்லுங்கக்கா" என்று மெல்லக் கேட்டும் வைத்தாள். கேட்டதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே.

மூன்றாவது கூட்டத்தில் பயிற்சி நடந்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தங்களை மீனலாக நினைத்துக்கொள்ள வேண்டும். மீனலாக நடக்க வேண்டும், மீனலாக டீ குடிக்க வேண்டும், மீனலாக டேப்பைத் திறக்க வேண்டும், எல்லாம் மனசுக்குள்ளேயே. பின்னணியில் புல்லாங்குழல் போட்டார்கள். கல்யாண் ரயிலில் நின்றுகொண்டே வந்திருந்த முத்துமாரி புல்லாங்குழல் இரண்டாவது சுற்று வருவதற்குள் குறட்டை விட்டாள். பத்ரி அவளைத் தொட்டு எழுப்பினார்.

"முத்துமாரிஜி, மீனலா இருந்தது எப்படி இருந்தது?"

முத்துமாரி திடுக்கிட்டு விழித்து வாயைத் துடைத்துக்கொண்டாள். "நிம்மதியா இருந்துச்சு சார்."

மையத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை கூட்டத்தில் முதன்முறையாக ஒரு பயனர் வாயிலிருந்து ஒரு விருப்பம் வந்துவிட்டது. பயனருக்கு வேண்டியது நிம்மதி. அதைக் கருவிக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று அன்றைக்கே தனிக் குழு போட்டார்கள். ஊழியர்களுக்கு சமோசா வந்தது. பத்ரி எழுந்து பேசினார்.

"சில பேர் கேக்கறா, பயனர்கள் நேராவே வர்றாளே, அப்புறம் மீனல் எதுக்குன்னு. நேரா வர்றவா இன்னிக்கு ஒண்ணு சொல்லுவா, நாளைக்கு ஒண்ணு சொல்லுவா. வெயில் இருந்தா வெயிலைப் பத்திச் சொல்லுவா, மழை பெஞ்சா மழையைப் பத்திச் சொல்லுவா. மீனல் மாற மாட்டா. நாங்க நாலு வருஷமா பயனர்களோட வேலை பண்றோம். மனசைத் திறந்து சொல்றேன், பயனர்கள் இல்லேன்னா எங்க வேலை எவ்வளவோ சுலபம்."

எல்லோரும் கை தட்டினார்கள். பிரேமலதாவும் தட்டினாள். சமோசா சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருப்பது முறையில்லை.

புதிய சின்ன டேப் ஒரு திங்கட்கிழமை வந்தது. கூடவே வந்த வண்டியில் பழைய டேப்புகளை எல்லாம் எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். புதிது அப்பளம் கனத்துக்குத்தான் இருந்தது. பிரேமலதா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முகத்துக்கு நேரே பிடித்தாள். சிவப்பு வந்தது. டேப் இனிமையான குரலில் பேசியது.

"மன்னிக்கவும். நீங்கள் மீனல் இல்லை."

பொட்டைத் துடைத்துவிட்டுக் காட்டினாள். கண்ணாடியைக் கழற்றிக் காட்டினாள். முத்துமாரி மூக்குத்தியைக் கழற்றியே காட்டினாள். டேப் மசியவில்லை. மையத்தின் பட்டியலில் விருப்பங்கள் உள்ள பயனர் ஒரே ஒருத்திதான். புதிய கருவி விருப்பம் உள்ளவர்களுக்காகச் செய்தது. ஆகவே அதற்குள் ஒரே ஒரு முகத்தைத்தான் ஏற்றியிருந்தார்கள். இதில் குற்றம் கண்டுபிடிக்க இடமில்லை. பத்து நிமிடம் கழித்து, "நிம்மதியாக இருங்கள், மீனல்" என்று சொல்லிவிட்டு டேப் தானாகவே அணைந்தது. அதுதான் முத்துமாரி கேட்ட நிம்மதி.

"நீ மீனல் இல்லைன்னு அது சொல்லுதது சரிதானம்மா" என்றார் சொரிமுத்து அண்ணாச்சி ஸ்டூலிலிருந்து.

"அண்ணாச்சி, நூர் நிஷாவுக்கு இன்னைக்குக் காலையோட மாத்திர அட்டை காலி. நாளைக்குக் குடுக்கணும். ஒடச்சாவது எடுத்துத் தாங்க."

சொரிமுத்து அலமாரியைத் தடவிக்கொடுத்தார். "ஒடச்சா போலீஸுக்கே போன் அடிக்குமாம். எங்கிட்ட சாவி இருந்தப்ப எந்த லஃப்டாவும் வில்லங்கமும் இல்ல. இப்ப நான் என்னத்தம்மா செய்ய?"

பிரேமலதா பத்ரிக்குப் போன் போட்டாள். அவர் எடுத்தார், அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பிரேமலதாஜி, இது ரொம்ப முக்கியமான ஃபீட்பேக். பழைய பதிவுல நீங்க 'ஒண்ணும் வேண்டாம், எல்லாம் நல்லா இருக்கு'ன்னு சொல்லியிருக்கேள். திருப்தியடைந்த பயனர்னு முடிச்சுட்டோம். அதை மறுபடி திறக்கணும்னா திருப்தியை வாபஸ் வாங்கணும். அடுத்த மாசம் கமிட்டி இருக்கு."

"நாளைக்கு மாத்திர குடுக்கணும் சார்."

"புரியறது. மீனலா இருந்து யோசிச்சுப் பாருங்கோ. வழி தெரியும்."

போனை வைத்துவிட்டு பிரேமலதா மருந்தகத்தின் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். காலையில் நூர் நிஷா கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு, காலி அட்டையை ஆட்டிக் காட்டி, "நாளைக்குப் புதுசோட வாரீகளாக்கா?" என்று சிரித்தது கண்முன்னால் நின்றது. மீனலாக இருந்து யோசித்துப் பார் என்று சொல்லிவிட்டார் மனுஷன். யோசித்தாள். பிறகு எழுந்து செம்பூருக்குப் பஸ் ஏறினாள்.

மையத்தில் அன்றைக்கு மீனலின் பிறந்தநாள். அட்டையின் கழுத்தில் மாலை போட்டு, முன்னால் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிரேமலதாவுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே பத்ரியிடம் போனாள்.

"சார், மீனலை நான் ஏரியாவுக்குக் கூட்டிட்டுப் போகட்டா?"

இரண்டாவது தடவை கேட்பார்கள் என்று காத்திருக்கிற இடம் இது இல்லை என்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது. பத்ரி கேக் கத்தியைக் கீழே வைத்தார். அவர் கண்கள் மறுபடியும் கலங்கின.

"கள ஆய்வு... நாலு வருஷத்துல இங்க ஒருத்தருக்கும் இது தோணலை. மீனலைக் களத்துக்குக் கூட்டிண்டு போகணும்னு ஒரு பயனருக்குத் தோணியிருக்கு பாருங்கோ."

வெளியே கொண்டுபோக மீனலுக்கு கேட் பாஸ் எழுதினார்கள். வயது, பதவி எல்லாம் போட்டார்கள். உடன் செல்பவர் என்ற இடத்தில் பிரேமலதாவின் பெயர் வந்தது. மாலையோடும் சிரிப்போடும் மீனல் பஸ் ஏறினாள். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, இது யார் என்று இந்தியில் கேட்டார்.

"யே கௌன்?"

"ஹமாரா சூப்பர்வைசர்" என்றாள் பிரேமலதா.

அவர் எத்தனையோ சூப்பர்வைசர்களைப் பார்த்தவர் போலிருக்கிறது. கடைசி சீட்டுக்குப் பின்னால் நிறுத்திக்கொள்ளச் சொன்னார்.

தாராவிச் சந்துக்குள் மீனல் நுழைய மறுத்துவிட்டாள். தோள் ஒரு பக்கச் சுவரிலும் கைப்பை மறுபக்கச் சுவரிலும் இடித்தது. நிமிர்த்தினால் மேலே தொங்குகிற வயர்களில் தலை மாட்டியது. படுக்கவைத்துத் தூக்கிப் போனால், எதிரே வந்தவர்கள் யாரோ தவறிவிட்டார்கள் என்று ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். நூர் நிஷா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"அல்லாவே, யாருக்கா இது?"

"உன் மாத்திர இவ மூஞ்சிலதான் இருக்கு. கத்திரிய எடு."

பைக்குத் தோல் வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலால் நூர் நிஷா மீனலைக் கழுத்தோடு வெட்டினாள். மாலையைக் கழற்றிப் பக்கத்து வீட்டுப் பேராச்சியிடம் சாமி படத்துக்குப் போடக் கொடுத்தார்கள். கழுத்துக்குக் கீழே இருந்த மீனலைப் பேராச்சி கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் கூரை ஒழுகுகிற இடத்தில் அடைத்தாள். எல்லா ஏரியாவும் அவளுடையது என்று பேர் வாங்கியவள் கடைசியில் ஒரு வீட்டுக்கு நிஜமாகவே உபகாரமானாள்.

மறுநாள் காலை பிரேமலதா மருந்தகத்தில் டேப்பை ஒரு கையிலும் மீனலின் முகத்தை மறு கையிலும் பிடித்தாள். சொரிமுத்து அண்ணாச்சி ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார். டேப் ஒரு நிமிடம் யோசித்தது. பச்சை வந்தது.

"காலை வணக்கம், மீனல். இன்று மிகவும் அழகாக இருக்கிறீர்கள்."

அலமாரி 'க்ளிக்' என்று திறந்தது. பிரேமலதா மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். நூர் நிஷா தண்ணீர் டம்ளரோடு வாசலிலேயே நின்றாள். அவள் விழுங்கி முடித்து வாயைத் திறந்து காட்டினாள். அதன் பிறகுதான் பிரேமலதாவுக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் நன்றாக அழுதாள்.

அதற்குப் பிறகு காலையில் மருந்தக வாசலில் மீனலுக்காக வரிசை நின்றது. முத்துமாரி வாங்கிக் காட்டிவிட்டு அடுத்தவளிடம் கொடுப்பாள். அடுத்தவள் காட்டிவிட்டு பிரேமலதாவிடம் கொடுப்பாள். மழை வந்தால் முதலில் மீனலுக்குத்தான் பிளாஸ்டிக் உறை. சார்ஜ் என்னவோ முன்பைவிடச் சீக்கிரமே போனது. டேப் ஒல்லியானபோது முதலில் இளைத்தது பேட்டரிதான். நூர் நிஷாவின் தையல் மெஷின் வயரைப் பிடுங்குவதும் செருகுவதும் நிற்கவில்லை. டேப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிம்மதியாக இருக்கச் சொல்லி அணையும்போதெல்லாம் மீனல் எந்தச் சந்தில் யார் கையில் இருக்கிறாள் என்று தேடிப் பிடித்து மறுபடி காட்ட வேண்டியிருந்தது. இருந்தாலும் மாத்திரை வந்தது. ஒரு நாள்கூட அறுபடவில்லை.

செம்பூர் மையம் கணக்கைப் பார்த்து மலைத்துப்போனது. மற்ற ஊழியர்கள் யாரும் புதிய டேப்பைத் தொடவே இல்லை. மீனல் ஒருத்தியே தாராவி முழுவதும் மாத்திரை கொடுத்திருந்தாள். ஒரே நேரத்தில் நாலு சந்துகளில் கொடுத்திருந்தாள். லட்சியப் பயனர் என்று தாங்கள் சொன்னபோது சிரித்தவர்களுக்கு இதுவே பதில் என்று பத்ரி மேலே எழுதி அனுப்பினார். சிறந்த ஊழியர் விருது மீனலுக்கு அறிவிக்கப்பட்டது. அதைக் கொடுக்க அவரே தாராவிக்கு வந்தார்.

மீனலின் முகம் மட்டும் இருப்பதைப் பார்த்து முதலில் கொஞ்சம் திகைத்தார். பிறகு, "அவளும் உழைச்சு உழைச்சுத் தேஞ்சுட்டா பாருங்கோ" என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். சால்வையை எங்கே போர்த்துவது என்று தெரியாமல் முகத்தைச் சுற்றி வைத்துப் படம் எடுத்தார்கள். போகிற வழியில் ஒரு நோயாளியையும் பார்க்க வேண்டும் என்றார். பிரேமலதா நூர் நிஷாவின் கோலிக்குக் கூட்டிப் போனாள். உள்ளே டேப் தையல் மெஷின் பிளக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. பத்ரி குனிந்து உள்ளே வந்து கைகளைக் கூப்பினார்.

"சொல்லுங்கோ நூர் நிஷாஜி. உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்..." என்று ஆரம்பித்தாள் நூர் நிஷா.

பிரேமலதா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "சொல்லிருட்டி. இவங்க ஒரு வாட்டிதான் கேப்பாவ."

நூர் நிஷா பிரேமலதாவைப் பார்த்தாள், தொங்குகிற டேப்பைப் பார்த்தாள். "இந்த அக்காவுக்குச் சார்ஜ் நிக்கிற மாதிரி ஒரு டேப் குடுங்க சார். அக்கா மூஞ்சக் காட்டினா திறக்கிற மாதிரி குடுங்க. அது போதும்."

பத்ரி உண்மையாகவே நெகிழ்ந்துவிட்டார். "என்ன அழகாச் சொன்னேள். ஆனா நீங்க பயனாளி. எங்களது பயனர் மையம். பயனாளிகளோட விருப்பத்தைக் கேக்கறதுக்கு சான்பாடால தனி மையம் ஆரம்பிக்கப் போறா. கண்டிப்பா உங்களைக் கூப்பிடுவா" என்றார். வெளியே போகும்போது தலையில் இடித்துக்கொள்ளாமல் ஜாக்கிரதையாகக் குனிந்து போனார்.

நூர் நிஷாவின் மாத்திரைகள் ஒரு மழை நாளில் முடிந்தன. டாக்டர் சோதித்துவிட்டு, போதும், சுத்தமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். பிரேமலதா மருந்தகத்துக்கு வந்து, நூர் நிஷாவின் பதிவை முடித்துவைக்க, மீனலைத் துடைத்து டேப்புக்கு நேரே பிடித்தாள். பச்சை வந்தது. டேப் புல்லாங்குழல் வாசித்தது.

"வாழ்த்துகள், மீனல். இன்று ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஏதாவது வேண்டுமா?"

கீழே 'வேண்டாம்', 'வேண்டும்' என்று இரண்டு கட்டங்கள் வந்தன. பிரேமலதாவின் விரல் பழக்க தோஷத்தில் 'வேண்டாம்' பக்கம் போயிற்று. நல்லவேளையாகத் தொடுவதற்குள் தடுத்துவிட்டாள். 'வேண்டும்' என்பதை அழுத்தினாள்.

"நிச்சயமாக வேண்டுமா?" என்று கேட்டது டேப்.

பிரேமலதா சொரிமுத்து அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணாச்சி, இது ரெண்டாவது வாட்டி கேக்கு."

"கேக்கட்டும், கேக்கட்டும். அதுக்காவது முறை தெரிஞ்சிருக்கே" என்றார் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு.

அவள் மறுபடி 'வேண்டும்' என்று அழுத்தினாள். டேப் யோசித்தது. மூன்றாவது தடவையும் கேட்டது: "என்ன வேண்டும்? தயங்காமல் சொல்லுங்கள்."

பிரேமலதா மீனலை அலமாரி மேல் வைத்துவிட்டு, புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டு, 'சார்ஜ்' என்று எழுதுவதற்காக முதல் எழுத்தைத் தேடினாள். அதற்குள் பத்து நிமிடம் ஆகிவிட்டது.

"நிம்மதியாக இருங்கள், மீனல்" என்று சொல்லிவிட்டு டேப் அணைந்தது. அவள் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் முகம் பார்த்தாள். பொட்டு லேசாக விலகியிருந்தது. அதைச் சரிசெய்துகொண்டு, மீனலைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அடுத்த நோயாளியின் வீட்டில் பிளக் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யோசித்தபடியே மழையில் இறங்கினாள்.